பரிபூரணத்துக்கு நாடி விழுந்த கதை

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் அந்தச் செய்தி எனக்கு ஒரு டீயோடு சேர்ந்து கிடைத்தது.

"ராஜபாளையத்துல பேண்டேஜ் மில்லு சூப்பர்வைசர் பரிபூரணம் இருக்கால்ல, வேன் டிரைவர் தேவஇரக்கம் பொண்டாட்டி, அவளுக்கு நாடி விழுந்துட்டாம். நாடிக்கட்டு கட்டிப் படுக்க வச்சிருக்காம்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சொன்னவருக்குப் பரிபூரணத்தைத் தெரியாது. தெரிந்த ஒருவரைத் தெரியும். இப்படிப்பட்டவர்களிடம்தான் விவரம் அதிகம் இருக்கும். எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள், முதலில் அழுதது யார், பெட்டிக்கு எங்கே சொல்லியிருக்கிறது என்பது வரை அவரிடம் தயாராக இருந்தது.

எனக்குப் பரிபூரணத்தைத் தெரியும். முந்தின வாரம்தான் ராஜபாளையம் சந்தையில் கத்திரிக்காய்க்காரி அவர் நாடியைப் பிடித்துக் கொஞ்சி, பூச்சி விழுந்த காயாகப் பார்த்து அவர் பையில் போட்டு அனுப்பியதை என் கண்ணால் கண்டேன். அந்த ஆளா போய்விட்டார்? போய்ப் பார்த்துவிடுவது என்று பஸ் ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் ஒரு குழப்பம். செத்திருந்தால் மாலை வாங்க வேண்டும், பிழைத்திருந்தால் ஆரஞ்சு வாங்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பொருள் எதுவும் அந்த பஸ் ஸ்டாண்டில் விற்கவில்லை. வெறுங்கையோடு போனேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அந்தக் கட்டிலுக்கு அடியில கெடக்கு பாருங்க. ஒரு கரண்டியத் தேட இம்புட்டு நேரமா?"

சத்தம் பரிபூரணத்துடையது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாடிக்கு அடியில் கொடுத்து, இரண்டு கன்னத்தையும் சுற்றி, உச்சந்தலையில் முயல் காது மாதிரி முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. அதற்குள்ளே முகம் நன்றாக வீங்கியிருந்தது.

"வாங்க, நீங்களும் எழவு கேக்கத்தான் வந்தீகளா?" என்றார். கட்டு இறுக்கமாக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல் வந்தது. என் கையைப் பார்த்தார். "மத்தவகல்லாம் ஆரஞ்சாவது கொண்டு வந்தாக."

நடந்தது இதுதான். மற்ற ஊர்களில் மோவாய் என்பதை எங்கள் பக்கம் நாடி என்போம். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்ப்பதும் நாடிதான். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம். இதுவரை அதனால் யாரும் சாகவில்லை. பரிபூரணம்தான் முதல் ஆள், அவரும் முழுசாகச் சாகவில்லை.

தேவஇரக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கை ஏசம்மாளுக்குப் போன் போட்டு, "ஒன் மதினிக்கு நாடியில ஊசி போட்டுருக்கு, ரெண்டு நாளு மில்லுக்குப் போக மாட்டா" என்றிருக்கிறார். மோவாயில் ஊசி போடும் வியாதி எதையும் ஏசம்மாள் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் பதற்றத்தில் பாதிதான் சொல்லுகிறார் என்று மீதியைத் தானே சேர்த்து ஜெபக்குழுவுக்குச் சொன்னார். நாடியில் ஊசி என்பது நாடி சரியில்லை என்று ஆனது. ஜெபக்குழுவில் ஒருவர் உருக்கமாக ஜெபித்ததில் நாடி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஆனது. உடனே ஒரு வேன் பிடித்துப் புறப்பட்டார்கள்.

இங்கே பரிபூரணம் வேறொரு காரியம் செய்திருந்தார். வீக்கத்துக்கு டாக்டர் கொடுத்த எலாஸ்டிக் பட்டை காதோரம் அரிக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, தன் மில்லில் ஓடிய வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்து மல்லாந்து தூங்கிவிட்டார். எங்கள் ஊர்களில் அப்படிக் கட்டப்படுகிறவர்கள் எழுந்திருப்பதில்லை. வாய் திறந்துகொள்ளாமல் இருக்க இறந்தவர்களுக்குக் கட்டுகிற கட்டு அது. நாடிக்கட்டு என்றே அதற்குப் பேர்.

ஏசம்மாள் வாசலிலேயே பார்த்துவிட்டார். "ஐயோ மதினி! எங்க அண்ணனத் தனியா விட்டுட்டுப் போயிட்டீகளே! ஒரு வா தண்ணி குடுக்கக் கூட எங்கள விடலியே!"

பரிபூரணம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "யாரு, ஏசம்மாவா? செத்த பொறு, எந்திரிக்கேன்."

கொஞ்ச நேரம் என்பதற்கும் நாங்கள் 'செத்த' என்றுதான் சொல்லுவோம். வந்த பெண்களில் இரண்டு பேர் மேற்கொண்டு கேட்க நிற்கவில்லை. அவர்கள் ஓடிப்போய் ஏறிய பஸ்தான் நான் டீ குடித்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

வதந்தி தீர்ந்தது. ஆனால் நல்லா இருந்த நாடியில் எதற்கு ஊசி? நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டது இதைக் கேட்கத்தான்.

பரிபூரணம் ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற ஒரு மில்லில் வேலை. துணியைச் சுருட்டுகிற மேசையில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அந்த மேசையில் யாரும் உட்காருவதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சூப்பர்வைசருக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, ஒரு கை உடைந்தது. கொடுத்த முதல் வாரம் அவர் அதில் உட்காரவில்லையாம். பக்கத்தில் நின்றுகொண்டு அதைத் துடைத்தாராம். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தனக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதும் அது இவ்வளவு காலம் கத்திக்கொண்டிருந்ததும் தெரிந்தது என்கிறார்.

நாற்காலியோடு லீவு கொடுக்கும் அதிகாரமும் வந்தது. அங்கேதான் சிக்கல்.

எங்கள் பக்கம் ஒருவரிடம் ஒன்றை உருக்கமாகக் கேட்க வேண்டுமானால் கையை நீட்டி அவர் நாடியைப் பிடித்துக் கேட்போம். பிடிக்கப்பட்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. திருப்புவதற்கு முகம் அவரிடம் இருந்தால்தானே. பரிபூரணத்தின் நாடியோ பிடிப்பதற்கென்றே அமைந்தது. இரட்டை நாடிச் சரீரம் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுவோம். இவருக்கு அது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஒரு நாடி, அதற்குக் கீழே மெத்தென்று இன்னொரு நாடி. வத்திராயிருப்பிலிருந்தும் வ. புதுப்பட்டியிலிருந்தும் மில் வேனில் வருகிற பெண்கள் காலையில் இறங்கியதும் அதைத்தான் தேடினார்கள். "எக்கா, எக்கா, ஒங்க நாடியப் பிடிச்சுக் கேக்கேன்" என்று கை வந்து உட்காரும். பரிபூரணத்தின் வாய் தானாகச் சொல்லும்: "சரிட்டி, எடுத்துக்கோ."

போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பாதி மெஷின் ஓடவில்லை. எல்லாரும் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்கள். தீபம் ஏற்றுகிற ஊர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பெருமாள் இருக்கிற மலை. பெருமாளுக்கு இத்தனை கூட்டம் அனுப்பி வைத்த கிறிஸ்தவ வேதக்காரி இந்த ஜில்லாவிலேயே வேறு யாரும் கிடையாது. இந்த வருஷம் புரட்டாசி வருவதற்கு முன்பே மேனேஜர் லிங்கேஸ்வரன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அக்கா, இந்த மூணாஞ் சனிக்கிழமையும் மெஷின் நின்னா நாற்காலிய ஒப்படைச்சிட்டுப் பழையபடி மேசைக்குப் போயிருங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது. வேணும்னா ஒங்க நாடியக் கழத்தி வீட்ல வச்சிட்டு வாங்க."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். பரிபூரணம் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

ராஜபாளையத்தில் தோல் டாக்டர் அக்சாவிடம் முகப்பருவோடு வருகிற காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். தேவஇரக்கமும் கூடப் போனார். டாக்டர் சின்னப் பெண். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"நாடி இருக்கப்படாது டாக்டரம்மா."

"இருக்கப்படாதுன்னா? ஷேப் வேணுமா? தாடை லைன் தெரியணுமா?"

"லைனெல்லாம் வேண்டாம். யாரும் பிடிக்க முடியாதபடி இருக்கணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எழுந்து வந்து, பரிசோதிப்பதற்காக இரண்டு விரலால் பரிபூரணத்தின் நாடியைப் பிடித்து, "கொஞ்சம் நிமிந்து பாருங்கம்மா" என்றார்.

"சரிட்டி, எடுத்துக்கோ" என்றார் பரிபூரணம்.

"எதை?"

"லீவ."

தேவஇரக்கம் சிரித்ததில் வெளியே உட்கார்ந்திருந்த பருப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்களாம். அதற்கப்புறம்தான் முழுக் கதையும் டாக்டருக்குச் சொல்லப்பட்டது. அவர் கெட்டிக்காரர், கடைசி வரை சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். நாடி நுனியில் ஃபில்லர் என்று ஒன்றைச் செலுத்தினால் நாடி கொஞ்சம் முன்னால் வந்து எடுப்பாகத் தெரியும்.

"முன்னால வருமா?" பரிபூரணம் பதறிவிட்டார். "இப்பமே தேடிப் பிடிக்காளுக. நீட்டி வேற குடுக்கவா? கைப்பிடி போட்ட சொம்பு மாதிரி ஆயிரும்."

அடுத்தது நூல். தோலுக்கு அடியில் நூல் கோத்துத் தொங்குவதை இழுத்துக் கட்டுவது.

"எத்தனாம் நம்பரு நூலு?"

"நம்பர்லாம் தெரியாதும்மா. கொஞ்ச நாள்ல தானா கரைஞ்சிரும்."

"கரையுற நூலா? அத எங்க மில்லு வாசல்லயே திருப்பி அனுப்பிருவோம்."

மதுரைக்குப் போனால் சின்னதாக ஓட்டை போட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கலாம். ஓட்டை என்றதும் தேவஇரக்கத்துக்கு மயக்கம் வரப் பார்த்தது. மிஞ்சியது கொழுப்பைக் கரைக்கிற ஊசி. ஒரே தடவையில் தெரியாது, சில வாரம் விட்டு விட்டுப் போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் தவளை மாதிரி வீங்கித்தான் வடியும்.

"ஒண்ணு சொல்லிடறேன்மா. ஒங்க நாடி எலும்பு நல்லாவே இருக்கு. கீழ இருக்கிறதுதான் கொஞ்சம் கொறையும். இதைப் பண்ணலேன்னாலும் ஒடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல. பண்ணினா வேலை நிலைக்கும்னு நான் சொல்ல முடியாது."

"நாற்காலி நிலைச்சாப் போதும்" என்றார் பரிபூரணம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசனை நடந்தது. தேவஇரக்கம் எதிர்க்கட்சி. "ஏட்டி, நீ கோவிச்சுக்கிட்டு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கையில நான் எதப் பிடிச்சுச் சமாதானம் சொல்ல? அதயும் யோசி."

"கோவம் வாராத மாதிரி நடந்துக்கிடுங்க."

"அதுக்கு எந்த டாக்டருகிட்ட ஊசி போடணும்?"

கடைசியில் ஊசியே முடிவானது. செலவு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மை வந்திருக்காது, வீணாக இரண்டு பேரைப் பொய் சொல்ல வைத்த பாவம் எனக்கு.

இதெல்லாம் ஆரஞ்சு உரித்துக்கொண்டே அவர்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னது. அதற்குப் பிறகு நடந்ததை மில் வேனில் வருகிறவர்களிடம் விசாரித்து, பரிபூரணத்திடம் ஒத்துப் பார்த்து எழுதுகிறேன்.

இந்தத் தடவை டாக்டர் கொடுத்த பட்டையையே ஒழுங்காகப் போட்டுக்கொண்டு அவர் மில்லுக்குப் போனார். பெண்கள் வேனிலிருந்து இறங்கினார்கள், கைகள் நீண்டன, பாதி வழியில் நின்றன.

"எக்கா, தொடலாமா?"

"தொடப்படாது. டாக்டரு வெளக்கமாச் சொல்லிட்டாக."

பிடிக்க நாடி இல்லாமல் கேட்ட லீவு வெறும் கேள்வியாக நின்றது. வெறும் கேள்விக்குப் பரிபூரணத்தால் சுலபமாக இல்லை என்று சொல்ல முடிந்தது. ஒருத்தியின் நாத்தனார் மகள் சடங்குக்கு இல்லை. ஒருத்தியின் பல்வலிக்குப் பாதி நாள்தான். மெஷின்கள் எல்லாம் ஓடின. லிங்கேஸ்வரன் அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, "பரவால்லியேக்கா" என்றார். பரிபூரணம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வீக்கமும் வடிய ஆரம்பித்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கழுத்து எங்கே தொடங்குகிறது என்று லேசாகத் தெரிந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் இரண்டு தடவை காட்டினார். மரியாதைக்குத் தெரிந்தது என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கையில் நாகஜோதி வந்தாள். வ. புதுப்பட்டிக்காரி, வாயாடி. மகனுக்கு மலையில் மொட்டை போட நேர்ந்திருந்தாள்.

"எக்கா, சனிக்கிழம."

"கெடையாது."

"தொட மாட்டேன்க்கா. அங்கயே இருங்க." நாகஜோதி நாலடி தள்ளி நின்றாள். கையை நீட்டி, காற்றில் ஒரு நாடி இருப்பது மாதிரி விரல்களைக் குவித்துப் பிடித்தாள். மெதுவாக அதை உயர்த்தினாள். "எக்கா, எங்கக்கால்ல?"

நாலடி தள்ளி, பட்டைக்குள்ளே, பரிபூரணத்தின் நாடி தானாக உயர்ந்தது.

"சரிட்டி, எடுத்துக்கோ."

வாயிலிருந்து வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் மில் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் பார்க்க வேண்டுமே. நெசவுப் பக்கமிருந்து ஒரு கை, சுருட்டுகிற மேசையிலிருந்து ஒரு கை, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்திலிருந்து ஒரு கை. எல்லாம் அந்தரத்தில் குவிந்தன. பரிபூரணம் கண்ணை மூடிப் பார்த்தார். மூடினாலும் தெரிகிறதாம். சாயங்காலம் வேன் புறப்படும்போது சனிக்கிழமைக்கு ஒன்றிரண்டு பேரைத் தவிர ஆள் மிச்சமில்லை.

அன்று ராத்திரி பரிபூரணம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். தேவஇரக்கம் பழக்கத்தில் சமாதானம் சொல்லக் கையை நீட்டி, பட்டையைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தன் நாடியைத் தானே தடவிக்கொண்டாராம். "அவிய பிடிச்சுக்கிட்டு நின்னதப் பாத்தேன். அப்பந்தான் எனக்கு உறைச்சுது" என்கிறார் பரிபூரணம். "நாடி எனக்கு மட்டுமா இருக்கு?"

வெள்ளிக்கிழமை காலை அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. முதல் மெஷினில் நின்ற நாகஜோதியிடம் நேரே போய் அவள் நாடியைப் பிடித்தார்.

"ஏட்டி, ஒன் நாடியப் பிடிச்சுக் கேக்கேன். குடுத்த லீவுல பாதியத் திருப்பிக் குடு."

"எக்கா, விடுங்கக்கா, கூசுது!"

"கூசட்டும். இத்தன வருசமா எனக்குக் கூசலியா?"

"மொட்ட போடணும்க்கா. பெருமாளு கோவிச்சுக்கிடுவாரு."

"மொதப் பஸ்ஸுல போ, பிள்ளைக்கு மொட்டயப் போடு, மத்தியானம் வந்துரு. பெருமாளுக்குக் காலைல போனாலும் ஒண்ணுதான், சாயங்காலம் போனாலும் ஒண்ணுதான். எனக்குத்தான் ரெண்டு நேரமும் மெஷினு ஓடணும். என் தங்கம்ல, என் ராசாத்தில்ல."

நாகஜோதி இடமும் வலமும் பார்த்தாள். முகம் அவள் கையில் இல்லை. "சரிக்கா" என்றாள்.

சூப்பர்வைசர் கையே வந்து நாடியைப் பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல அந்த மில்லில் யாருக்கும் பழக்கமும் இல்லை. வரிசையாகப் போனார். கொஞ்சம் பேரைக் காலைக்கு, கொஞ்சம் பேரை மத்தியானத்துக்கு என்று பிடித்துப் பிடித்துப் பிரித்தார். சிரிப்புச் சத்தத்தில் மெஷின் சத்தம் கேட்கவில்லை என்கிறார்கள். அது நம்பும்படியாக இல்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

வரிசையின் கடைசியில் கருத்தம்மாள். வத்திராயிருப்புக்காரி. பரிபூரணத்தோடு ஒரே நாளில் சுருட்டுகிற மேசைக்கு வந்தவர், இன்னும் அங்கேயே நிற்கிறவர். பரிபூரணத்தின் கை வருவதைப் பார்த்ததும் முந்தானையால் தன் நாடியை மூடிக்கொண்டார்.

"எதுக்குட்டி பரிபூரணம், எல்லாத்துக்கும் பிடிச்ச கையோட எனக்கும் வார? நான் மலைக்கே போகல. நாளைக்கி ரெண்டு நேரமும் நிக்கேன், போ."

"நெசமாவா?"

"ஆமா. ஆனா எனக்கு ஒரு நாடி பாக்கின்னு வச்சுக்கோ. பொறவு கேப்பேன். அன்னைக்குப் பட்ட, கிட்டன்னு சொல்லப்படாது. கையில பிடிச்சுத்தான் கேப்பேன்."

சனிக்கிழமை ஒரு மெஷினும் நிற்கவில்லை, இருந்தவர்கள் ஆளுக்கு இரண்டாகப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் மலைக்குப் போனவர்கள் துளசி மணக்க மத்தியானம் வந்தார்கள். காலையில் வேலை பார்த்தவர்கள் மத்தியானம் போனார்கள். நாகஜோதி மகனின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனத்தோடு அவனையும் வாசல் வரை கூட்டிவந்து காட்டிவிட்டு மெஷினுக்குப் போனாள். லிங்கேஸ்வரன் இரண்டு நேரமும் வந்து எண்ணிப் பார்த்தார்.

"எப்படிக்கா?"

"நீங்கதான சார் என் நாடியக் கழத்தி வைக்கச் சொன்னீக. வச்சிட்டேன். அடுத்தவ நாடி இருக்குல்ல."

நாற்காலி பரிபூரணத்துக்கே என்று ஆனது. உடைந்த கைக்குப் பதிலாக ஒரு கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், மேலே மில் துணி சுற்றி.

இனி டாக்டர் அக்சா சொன்ன இரண்டாவது ஊசிதான் மிச்சம். போடுவது என்றுதான் பரிபூரணம் இருக்கிறார். நாற்காலிக்காக இல்லை, அது உறுதியாகிவிட்டது. கழுத்து தொடங்குகிற இடம் இன்னும் கொஞ்சம் தெரிந்தால் நல்லாத்தான் இருக்கும் என்கிறார். ஏசம்மாளுக்கு இப்போதே போனில் சொல்லி வைத்துவிட்டார்கள்: இது மோவாய், இது மோவாய், வேன் பிடிக்க வேண்டாம்.

ஆனால் ஊசி போட்டால் வீங்கும், வீங்கினால் பட்டை, பட்டை போட்டால் யாரும் தொடக் கூடாது. கருத்தம்மாளின் பாக்கி தீராமல் பட்டை போட்டால் பேச்சுத் தவறியது ஆகும். கிளினிக்கிலிருந்து போன் வரும்போதெல்லாம் பரிபூரணம் "அடுத்த வாரம் வாரேன்மா" என்கிறார். தீபாவளி போயிற்று. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியாயிற்று.

கருத்தம்மாளிடம் நானே கேட்டுப் பார்த்தேன். "கேக்கணும்" என்றார். "ஒண்ணா ரெண்டா, யோசிச்சுத்தான் கேக்கணும்."

அவர் மேசையை விட்டு நகரும்போதெல்லாம் பரிபூரணம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நாடியைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கிறார். கருத்தம்மாள் கிட்டே வருகிறார், நின்று அதை ஒரு பார்வை பார்க்கிறார், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறார்.